பதினேழாம் இலக்கக் கிணறு

பதினான்கு நாள் தவணை. கூலி இல்லை.
எழுதியவர் யாரென்று எனக்குச் சொல்லமாட்டார்கள்,
படிப்பவள் யாரென்று அவருக்கும்.
இருபுறமும் கண்ணைக் கட்டிவிட்டு
நடுவில் ஒரு கட்டுரையை வைத்திருக்கிறார்கள்.

கரையோர மணற்படுகை, நன்னீர் வில்லை,
நாற்பது கிணறுகள், ஒரு கச்சான் பருவம்.
வரைபடத்தில் ஊர்ப்பெயர் இல்லை,
ஏழு பாகை இருபத்தொரு கலை மட்டும்.
ஆனாலும் ஓர் ஒழுங்கை முறிந்து
கடலுக்குத் திரும்புகிற இடத்தில்
புள்ளி பதினேழு.
எனக்குக் கட்டு அவிழ்ந்துவிட்டது.

அது நிந்தவூரில் எங்கள் வளவுக் கிணறு.
வடக்குப் பக்கம் சீமெந்து பெயர்ந்திருக்கும்.
வாளிக்கு நீல நைலோன் கயிறு.

படிவம் கேட்கிறது: நலமுரண் ஏதும் உண்டா?
என் எலும்பில் கொஞ்சம் கல்சியம் அதனுடையது.
எந்தப் பெட்டியில் சரி போட?
பதிப்பாசிரியருக்கு எழுதினேன்.
பணத் தொடர்பு இல்லையென்றால் தொடருங்கள் என்று
ஒற்றை வரியில் பதில்.

அட்டவணை மூன்றில்
நாற்பது முப்பத்தொன்பதாகிறது.
எறும்பளவு எழுத்தில் அடிக்குறிப்பு:
'பதினேழு, புறவிலகல். நீக்கப்பட்டது.'
மின்கடத்துதிறன் 4,860.
அயல்கிணறு ஒன்றும் ஆயிரத்தைத் தாண்டவில்லை.
கருவிப் பிழையாக இருக்கலாமாம்.

திகதியைப் பார்த்தேன்.
ஓகஸ்ட் ஒன்பது, காலை ஆறரை.
முந்திய இரவுதான்
நுஸைபா மச்சியின் மூத்தவளுக்குக் கலியாணம்.
நூற்றி அறுபது சஹன்.
வயலிலிருந்து இரண்டு மோட்டர் இரவல் வாங்கி
விடியவிடிய இறைத்தார்கள்.
சுபஹுக்குப் பிறகு வாளி அடிமணலைத் தட்டியது.
தேத்தண்ணி உப்பென்று
மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்ததை
ஊரே ஒரு கிழமை கதைத்தது.

மேலே நல்ல தண்ணீர் எடுபட
கீழே உப்பு எழும்பியிருக்கிறது.
கருவியில் பிழையில்லை.
கட்டுரை தேடிவந்த கேள்விக்கு
அந்த ஒரு கிணறுதான் வாய் திறந்தது.

அதைக் குறிக்கத் தாளில் நிரல் இல்லை.
நீரியலாளர் ஆழம் கேட்டார்,
இரசாயனவியலாளர் குளோரைட்டு.
நேற்று உங்கள் வீட்டில் என்ன விசேசம் என்று கேட்பது
வேறு பீடத்தின் வேலை. அதற்கு வேறு கட்டடம்,
வேறு சஞ்சிகை, வேறு காசு.

எழுதினேன்:
'குறிப்பு நான்கு. பதினேழை நீக்கவேண்டாம்.
முந்திய பன்னிரண்டு மணித்தியாலத்தில்
எவ்வளவு இறைத்தார்கள் என்று வீட்டாரிடம் கேட்கவும்.'
கலியாணம் என்று எழுதவில்லை.
எழுதினால் என் முகவரியையும் எழுதியதுபோல.

மூன்று மாதம் கழித்து வந்தது:
'மதிப்பீட்டாளர் இரண்டுக்கு நன்றி.
சுவாரசியமான கருத்து. ஆயினும்
இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.'
மதிப்பீட்டாளர் ஒன்று
காற்புள்ளிகளைத் திருத்தியிருந்தார்.
ஏற்றுக்கொண்டார்கள்.

வெளிவந்ததும் திறந்து பார்க்கப் போனேன்.
எங்கள் நூலகத்தில் அந்தச் சஞ்சிகைக்குச் சந்தா இல்லை.
தனியே வாங்க முப்பத்தொன்பது டொலர்.
கிணற்றுக்கு ஒரு டொலர்,
எங்களுடையதைக் கழித்து.
கணக்குச் சரி.

வருகிற வெள்ளி மச்சியின் இளையவளுக்கு.
மின்கடத்துமானியைத் துடைத்துப் பையில் வைத்தாயிற்று.
சமூகவியலில் படிப்பிக்கிற ஹஸ்னியா
சஹன் எண்ணுவாள், மோட்டர் ஓடுகிற நேரத்தைக் குறிப்பாள்.
நான் மணிக்கொரு தடவை வாளி இறக்குவேன்.

'கலியாணத்துக்கு வாறியா, கிணறு பாக்க வாறியா?'
போனில் மச்சி.
ரெண்டுக்கும் என்றேன்.
'அப்ப எண்ட பேரையும் போடு.'

போடலாம். போடத்தான் வேணும்.
பெயருக்கு நேரே
நிறுவனம் என்று ஒரு நிரல் இருக்கிறது,
அதில் என்ன எழுத?